திண்ணைப் பேச்சு வானொலி ஏறிய கதை

சிறையிலிருந்து தப்பி ஓடிய ஒருவன், ஒரு வருஷம் வெளியில் சுதந்திரமாகத் திரிந்துவிட்டுத் தானாகவே திரும்பி வந்து, சிறை வாசலில் நின்று, "உள்ளே இடம் இருக்கிறதா, ஐயா?" என்று கேட்டால் காவல்காரன் என்ன நினைப்பான்? அவனை ஏற இறங்கப் பார்ப்பான். பைத்தியமோ என்று சந்தேகப்படுவான். ஏறக்குறைய அந்த மாதிரியான சம்பவம் ஒன்று 2005-ஆம் ஆண்டில் அமெரிக்க வானொலியில் நடந்தது.

அந்த வருஷம் மே மாதம் 16-ஆம் தேதி, ஸான் பிரான்ஸிஸ்கோ நகரில் 1550 கிலோஹெர்ட்ஸில் ஒலிபரப்பி வந்த ஒரு நிலையம், தன் பழைய நிகழ்ச்சிகளை மூட்டை கட்டி வைத்துவிட்டு, கே.ஒய்.ஓ.யு. ரேடியோ என்ற புதுப் பெயருடன் கிளம்பியது. முதல் எழுத்தை விட்டுப் படித்தால் ஆங்கிலத்தில் 'நீங்கள்' என்று பொருள். பெயருக்கேற்ற காரியந்தான். இனி நிலையத்தார் நிகழ்ச்சி தயாரிக்கப் போவதில்லை; பொது ஜனங்கள் தங்கள் வீட்டில் உட்கார்ந்து பேசிப் பதிவு செய்து அனுப்புகிற 'பாட்காஸ்ட்'களே நாள் முழுவதும் ஒலிக்கும் என்று அறிவித்தார்கள்.

பாட்காஸ்ட் என்பது அப்போது பேச ஆரம்பித்த குழந்தை. அதற்குப் பெயர் வைத்தே ஒரு வருஷந்தான் ஆகியிருந்தது. 2004 பிப்ரவரியில் லண்டன் 'கார்டியன்' பத்திரிகையில் பென் ஹாமர்ஸ்லி என்பவர், இந்தப் புதுப் பழக்கத்துக்கு என்ன பேர் சொல்லலாம் என்று யோசித்து, இரண்டு மூன்று பெயர்களைக் கேள்விக் குறியோடு எழுதி வைத்தார். சட்டைப் பையில் அடங்கும் 'ஐபாட்' என்ற பாட்டுப் பெட்டியின் பெயரில் பாதி, ஒலிபரப்பைக் குறிக்கும் 'பிராட்காஸ்ட்' என்ற சொல்லில் பாதி. இரண்டையும் ஒட்டிய பெயர்தான் நிலைத்தது. ஒட்டுச் செடிதான், ஆனால் நன்றாகவே காய்த்தது.

அதன் சூட்சுமம் எளிது. பத்திரிகைக்குச் சந்தா கட்டினால் இதழ் தானாக வீட்டுக்கு வந்து விழுகிறதல்லவா? அதைப்போல, ஒருவருடைய பேச்சுக்குச் சந்தாதாரராகச் சேர்ந்துவிட்டால், அவர் புதிதாகப் பேசும்போதெல்லாம் ஒலிப்பதிவு தானாகவே நம்முடைய கம்ப்யூட்டரில் வந்து இறங்கும். சௌகரியப்பட்ட நேரத்தில் கேட்டுக் கொள்ளலாம். டேவ் வைனர் என்ற கம்ப்யூட்டர் நிபுணர் இதற்கு வழி செய்து கொடுத்தார். எம்.டி.வி. தொலைக்காட்சியில் முன்பு பாட்டு நிகழ்ச்சிகளை நடத்திய ஆடம் கரி என்பவர், 2004 ஆகஸ்டில் தாமே தினமும் பேச ஆரம்பித்து, மற்றவர்களுக்கும் ஆசை காட்டினார். லைசென்ஸ் வேண்டாம், கோபுரம் வேண்டாம், விளம்பரக்காரரின் தயவு வேண்டாம். ஒரு மைக்கும், பேச இரண்டு நண்பர்களும், அண்டை வீட்டு நாய் குரைக்காத அரைமணி நேரமும் போதும்.

சுருக்கமாகச் சொன்னால், அது திண்ணைப் பேச்சு. திண்ணையில் இரண்டு பேர் உட்கார்ந்தால் என்ன பேசுவார்கள்? ஊர்வம்பு தீர்ந்ததும் சினிமாவுக்குத்தான் வருவார்கள். அமெரிக்கத் திண்ணையும் இதற்கு விலக்கல்ல. பாட்காஸ்ட் பிறந்த சில மாதங்களுக்குள்ளேயே சினிமாவைப் பற்றிப் பேசும் நிகழ்ச்சிகள் முளைத்துவிட்டன.

இப்படிக் கேள்வி கேட்பாரின்றிப் பேசிக் கொண்டிருந்தவர்கள் எதற்காக வானொலியின் கதவைத் தட்ட வேண்டும்? ஆடம் கரியே அதே மே மாதம் ஸிரியஸ் என்ற செயற்கைக்கோள் வானொலியில் தினசரி நிகழ்ச்சியை ஏற்றுக் கொண்டார். ஸான் பிரான்ஸிஸ்கோ நிலையத்துக்கோ ஒலிப்பதிவை அனுப்பிவிட்டால் மட்டும் போதாது. நிலையத்துத் தயாரிப்பாளர்கள் கேட்டுப் பார்த்து, ஆபாசச் சொல் இருக்கிறதா, அனுமதியில்லாத பாட்டு இருக்கிறதா என்று சலித்தெடுத்த பிறகுதான் காற்றில் விடுவார்கள். எந்தச் சல்லடைக்குத் தப்பி ஓடினார்களோ, அதே சல்லடை.

இந்தச் சல்லடையின் சரித்திரம் கொஞ்சம் தெரிந்தால்தான், சினிமாப் பேச்சுக்காரர்கள் வானொலிக்குள் மறுபடி நுழைந்தது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பது விளங்கும்.

சினிமாவும் வானொலியும் 1930-களிலேயே சம்பந்திகள் ஆகிவிட்டன. சம்பந்திகள் என்றால் சண்டையும் உண்டு, சீரும் உண்டு. 1934 அக்டோபரில் 'ஹாலிவுட் ஹோட்டல்' என்ற நிகழ்ச்சி தொடங்கியது. நடத்தியவர் லூயெல்லா பார்ஸன்ஸ் அம்மாள். ஹெர்ஸ்டு பத்திரிகைகளில் நட்சத்திரங்களைப் பற்றி அந்த அம்மாள் எழுதும் பத்தியைக் கண்டு ஹாலிவுட்டே நடுங்கியது. செலவு செய்தது காம்ப்பெல் சூப் கம்பெனி. பெரிய பெரிய நட்சத்திரங்கள் வந்து தங்கள் புதிய படத்தின் காட்சிகளை மைக்கின் முன்னால் நடித்துக் காட்டினார்கள். சம்பளம்? ஒரு காசு கிடையாது. வர மறுத்தால் மறுநாள் பத்தியில் என்ன வருமோ என்ற பயமே சம்பளம்.

அதே மாதம் 'லக்ஸ் ரேடியோ தியேட்ட'ரும் பிறந்தது. சோப்புக் கம்பெனியின் நிகழ்ச்சி. 1936-இல் அது நியூயார்க்கை விட்டு ஹாலிவுட்டுக்குக் குடிபெயர்ந்தபோது, பிரம்மாண்டமான படங்களுக்குப் பேர்போன ஸெஸில் பி. டெமில் அதை நடத்த வந்தார். ஒரு மணி நேரத்தில் ஒரு திரைப்படத்தை நாடகமாக நடத்திக் காட்டுவார்கள். நல்ல நிகழ்ச்சிதான். ஆனால் அந்த மேடையில் நின்று யாராவது, "இந்தப் படம் சகிக்கவில்லை" என்று சொல்லியிருக்க முடியுமா? சோப்பும் படமும் ஒரே நுரையில் விற்பனையாகிற இடம் அது.

டெமில் அங்கிருந்து வெளியேறிய கதை வேடிக்கையானது. 1944-இல் கலிபோர்னியாவில் தொழிற்சங்கங்களைப் பாதிக்கும் ஒரு சட்டம் வாக்கெடுப்புக்கு வந்தது. அதை எதிர்த்துப் பிரசாரம் செய்ய வானொலிக் கலைஞர் சங்கம் அங்கத்தினர் ஒவ்வொருவரிடமும் ஒரு டாலர் வசூலித்தது. டெமில் கொடுக்க மறுத்தார். பண விஷயமில்லை, தத்துவ விஷயம் என்றார். சங்கம் விடவில்லை. 1945 ஜனவரியில், ஒற்றை டாலருக்காக, அமெரிக்காவின் மிகப் பிரபலமான வானொலி ஆசனத்திலிருந்து அவர் இறங்க வேண்டியதாயிற்று. வானொலி வாசலில் சோப்புக்காரர் மட்டுமல்ல, சங்கத்தாரும் காவல் நின்றார்கள்.

டெமிலைப் பற்றிச் சொன்னதும் எனக்கு இன்னொருவர் ஞாபகம் வருகிறது. 1934-இல் டெமில் எடுத்த 'ஃபோர் ஃபிரைட்டன்ட் பீப்பிள்' என்ற படம் மலாய்க் காட்டில் அகப்பட்டுக் கொண்ட நால்வரின் கதை. அதன் மூல நாவலை எழுதியவர் இ. ஆர்நட் ராபர்ட்ஸன் என்ற ஆங்கிலப் பெண்மணி. நாவலாசிரியை என்ற முறையில் அவர் பெயர் இன்று அதிகம் அடிபடுவதில்லை. ஆனால் சினிமாவைப் பற்றி வானொலியில் மனம் திறந்து பேசினால் என்ன நேரும் என்பதற்கு அவரைப்போல உதாரணம் வேறில்லை.

யுத்தம் முடிந்த சமயத்தில் அந்த அம்மாள் பி.பி.ஸி.யில் திரைப்பட விமரிசனம் செய்து வந்தார். கூர்மையான நாக்கு, சோப்புக் கம்பெனியும் இல்லை, சூப்புக் கம்பெனியும் இல்லை. பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொன்னார். 1946-இல் எம்.ஜி.எம். கம்பெனி பி.பி.ஸி.க்கு ஒரு கடிதம் எழுதியது: கோடிக்கணக்கான ஜனங்களின் ருசி இந்த அம்மாளுக்குப் புரியவில்லை, ஆகையால் எங்கள் படங்களை விமரிசிக்க இவரை அனுப்பாதீர்கள் என்பது சாரம். பத்திரிகைக்காரர்களுக்கான தங்கள் காட்சிகளுக்கும் அவர் வரக்கூடாது என்று கதவைச் சாத்திவிட்டார்கள்.

வேறொருவராயிருந்தால் பேசாமல் இருந்திருப்பார். இந்த அம்மாள் கோர்ட்டுக்குப் போனார். ஒரு பக்கம் உலகத்திலேயே பெரிய படக் கம்பெனிகளில் ஒன்று. மறுபக்கம் தன் பேனாவையும் குரலையும் நம்பிப் பிழைக்கும் ஒரு பெண்மணி. 1947-இல் ஜூரிகள் அவர் பக்கம் நின்றார்கள்; 1,500 பவுன் நஷ்டஈடு. கம்பெனி மேலே போயிற்று. அப்பீல் கோர்ட்டு தீர்ப்பை மாற்றியது. பிரபுக்கள் சபை வரை வழக்கு நடந்தது. சக விமரிசகர்கள் செலவுக்கு நிதி திரட்டினார்கள். 1950-இல் முடிவான தீர்ப்பு: கம்பெனி தன் நலனைக் காக்க எழுதிய கடிதம் அது, துவேஷத்தால் எழுதியதென்று ருசுவில்லை. அம்மாள் தோற்றார்.

சட்டம் அப்படித்தான் சொல்லும் போலிருக்கிறது, நான் வக்கீலில்லை. ஆனால் நாவல் எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு ஒரு விஷயம் மட்டும் மனத்தை உறுத்துகிறது. கம்பெனி அவருடைய கருத்தை மறுத்து ஒரு வரி பேசியிருக்கலாம். அதைச் செய்யாமல், அவர் பேசுகிற மைக்கின் சொந்தக்காரருக்கு எழுதியது. மைக்குக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறவரைக்கும் அவருக்குக் கடிதம் எழுதவும் ஆள் இருக்கும்.

சொந்த மைக்கில் பேசுகிற பாட்காஸ்ட்காரனுக்கு இந்த ஆபத்து இல்லை. எம்.ஜி.எம். யாருக்குக் கடிதம் எழுதும்?

இந்தப் பின்னணியோடு சிக்காகோவுக்கு வருவோம். சினிமாவைப் பற்றி இரண்டு பேர் சண்டை போடுவதே ஒரு கலை என்று உலகத்துக்குக் காட்டிய ஊர் அது. 1975-இல் அவ்வூர்ப் பொதுத் தொலைக்காட்சியில் 'ட்ரிப்யூன்' பத்திரிகையின் ஜீன் ஸிஸ்கெலும் 'ஸன்-டைம்ஸ்' பத்திரிகையின் ராஜர் ஈபர்ட்டும் எதிரெதிரே உட்கார ஆரம்பித்தார்கள். போட்டிப் பத்திரிகைக்காரர்கள், ஆகவே கோபம் நடிப்பில்லை. ஸிஸ்கெல் 1999-இல் காலமானார். 2005 மார்ச்சில் அதே சிக்காகோவில் ஆடம் கெம்பனார், ஸாம் வான் ஹால்கிரென் என்ற இரு நண்பர்கள் 'ஸினிகாஸ்ட்' என்ற பாட்காஸ்டைத் தொடங்கினார்கள். பிறகு அதற்கு 'ஃபிலிம்ஸ்பாட்டிங்' என்று பெயர் மாறியது.

நிகழ்ச்சியின் போக்கு திண்ணைக்கே உரியது. வாரத்துக்கு ஒரு புதுப் படம். ஏதாவது ஒரு தலைப்பில் தலைசிறந்த ஐந்து படங்கள். இதுவரை பார்க்கத் தவறிய பழைய படங்களை வரிசையாகப் பார்த்துப் பேசும் 'மாரத்தான்'. 'மாஸக்கர் தியேட்டர்' என்று ஒன்று: பிரபலமான ஒரு படத்தின் காட்சியை இருவருமே கொலை செய்வதுபோல் நடித்துக் காட்டுவார்கள், எந்தப் படம் என்று கேட்பவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். லக்ஸ் தியேட்டரில் நட்சத்திரங்கள் கச்சிதமாகச் செய்ததை இவர்கள் வேண்டுமென்றே கெடுத்துச் செய்தார்கள். ஜனங்களுக்குப் பின்னதுதான் அதிகம் பிடித்ததோ என்னவோ!

இந்தத் திண்ணை, டபிள்யூ.பி.ஈ.இஸட். என்ற சிக்காகோ பொது வானொலியில் ஏறியது. நிலையத்தின் பழைமையையும் சொல்ல வேண்டும். 1943-இல் சிக்காகோ கல்வி போர்டு பள்ளிப் பிள்ளைகளுக்காக ஆரம்பித்தது அது. பெயரிலேயே போர்டின் எழுத்துக்கள் ஒட்டிக் கொண்டிருக்கின்றன. கூட்டல் கழித்தல் சொல்லிக் கொடுக்கப் பிறந்த நிலையத்தில், இரண்டு ரஸிகர்கள் படத்துக்கு மார்க்குப் போட வந்து சேர்ந்தார்கள்.

ஏறியவர்கள் எதையெல்லாம் கீழே வைத்துவிட்டு ஏற வேண்டும்?

முதலில் நேரம். திண்ணைக்கு மணி கிடையாது. ஒரு படம் பிடித்துவிட்டால் இரண்டு மணி நேரம்கூடப் பேசலாம். அமெரிக்கப் பொது வானொலியிலோ மணிக்கூண்டே எஜமான். முதல் ஒரு நிமிஷம் முன்னுரை; பின் ஐந்து நிமிஷம் செய்திகளுக்கு விட வேண்டும்; ஐம்பத்தொன்பதாவது நிமிஷத்தில், வாக்கியம் பாதியில் இருந்தாலும் முடிந்தாக வேண்டும். கதை எழுதுகிறவர்களுக்கு இது புரியும். "பத்திரிகையில் நாலு பக்கந்தான் இடம்" என்று ஆசிரியர் சொல்லும்போது நம் கதாநாயகி சாக வேண்டிய இடத்துக்கு முன்னாலேயே செத்துப் போகிறாளே, அந்த வேதனைதான்.

பாட்டு விஷயம் மட்டும் தலைகீழ். வானொலி நிலையங்கள் பாடலாசிரியர் சங்கங்களுக்கு மொத்தமாகக் கட்டணம் கட்டிவிடுவதால், நினைத்த பாட்டைப் போடலாம். பாட்காஸ்ட்காரனோ ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனியே அனுமதி வாங்க வேண்டும். கட்டற்ற திண்ணையில் பாட முடியாது. கட்டுள்ள மேடையில் பாடலாம்.

மூன்றாவது நாக்கு. நவீனப் படங்களின் வசனத்தை அப்படியே எடுத்துச் சொன்னால் அமெரிக்க வானொலியில் அபராதம் விழும். காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை கொச்சைப் பேச்சு கூடாது. 2006-இல் அபராதத்தின் உச்ச வரம்பை 32,500 டாலரிலிருந்து 3,25,000 டாலராகப் பத்து மடங்கு உயர்த்தினார்கள். ஸான் பிரான்ஸிஸ்கோ பரிசோதனையை நடத்திய இன்ஃபினிட்டி கம்பெனிக்கு இதன் சூடு நன்றாகவே தெரியும். அதன் வாயாடி நட்சத்திரமான ஹவர்ட் ஸ்டெர்ன், இந்தக் கெடுபிடி தாளாமல் செயற்கைக்கோள் வானொலிக்குப் போவதாக 2004-இலேயே அறிவித்துவிட்டார். முன்வாசல் வழியே ஸ்டெர்ன் வெளியேறிக் கொண்டிருக்கையில் பக்கவாசல் வழியே பாட்காஸ்ட்காரர்கள் உள்ளே வந்தார்கள்.

இந்த நாக்குக் கட்டுப்பாடு எப்படி வந்தது தெரியுமா? 1973 அக்டோபர் 30-ஆம் தேதி பிற்பகல், நியூயார்க்கில் ஒரு தகப்பனார் தம் மகனோடு காரில் போய்க் கொண்டிருந்தார். ரேடியோவைத் திருப்பினார். ஜார்ஜ் கார்லின் என்ற ஹாஸ்யக்காரர், வானொலியில் சொல்லக் கூடாத சொற்கள் இன்னின்ன என்று வரிசையாகச் சொல்லிக் கொண்டிருந்தார்! தகப்பனார் புகார் எழுதினார். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போய், 1978-இல் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் தீர்ப்பாயிற்று. நீதிபதிகள் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். புஸ்தகத்தை வேண்டுமென்று வாங்குகிறவன்தான் படிக்கிறான். வானொலியோ கூப்பிடாமலே வீட்டுக்குள் நுழைகிறது. நடுவில் திருப்புகிறவனுக்கு என்ன வரப் போகிறதென்று தெரியாது. பக்கத்தில் குழந்தையும் இருக்கலாம். ஆகையால் வானொலிக்குக் கட்டு வேண்டும் என்றார்கள்.

தற்செயலாகத் திருப்புகிற அந்த மனிதர்தான், பாட்காஸ்ட்காரர்கள் காவலையும் மணிக்கூண்டையும் பொறுத்துக் கொண்டு உள்ளே வந்ததற்கும் காரணம்.

சந்தா கட்டிக் கேட்பவர் ஏற்கெனவே நம்மவர். நம்மைத் தேடி வந்தவர். நம் பெயர் தெரியும். பழைய வேடிக்கைகள் தெரியும். அவரிடம் பேசுவது சுகம். ஆனால் தேடாதவர் ஒருவர், அடுப்பில் குழம்பை வைத்துவிட்டோ, வேலையிலிருந்து காரில் திரும்பும்போதோ, வேறெதற்காகவோ திருப்பியபோது, தாம் பார்த்தேயிராத ஒரு படத்தைப் பற்றி இரண்டு பேர் ஆவேசமாக வாதாடுவதைக் கேட்டு, "அட, அப்படி என்ன படம் அது?" என்று கையை எடுக்காமல் நிற்கிறாரே, அவர் திண்ணைக்கு வரமாட்டார். திண்ணை இருப்பதே அவருக்குத் தெரியாது. எழுத்தாளனுக்கும் இந்த ஆசை உண்டு. ரயிலில் யாரோ விட்டுவிட்டுப் போன பத்திரிகையை எடுத்து நம் கதையைப் படிக்கிற முன்பின் தெரியாதவருக்காகத்தானே பாதிக் கதைகளை எழுதுகிறோம்?

ஸான் பிரான்ஸிஸ்கோ நிலையத்தின் பரிசோதனை நெடுநாள் நிலைக்கவில்லை. ஒரு திண்ணைப் பேச்சு ருசிக்கும். நாள் முழுவதும் நூறு திண்ணைகளின் பேச்சை வரிசையாகக் கேட்டால் யாருக்கும் அலுக்கும். பிற்பாடு ஒவ்வொரு நிகழ்ச்சியாகத் தேர்ந்தெடுத்து ஏற்றினார்கள். 'நியூயார்க் டைம்ஸ்' 2017-இல் தொடங்கிய 'தி டெய்லி' என்ற செய்திப் பாட்காஸ்ட், மறுவருஷமே பொது வானொலி நிலையங்களுக்குப் போயிற்று.

எதிர்த் திசையில் நடந்தவர்களும் உண்டு. பி.பி.ஸி.யின் ஃபைவ் லைவ் நிலையத்தில் 2001 முதல் ஸைமன் மேயோவும் மார்க் கெர்மோடும் வாரந்தோறும் படங்களைப் பற்றிப் பேசி வந்தார்கள். கெர்மோடின் பள்ளித் தோழரான ஜேஸன் ஐஸக்ஸ் என்ற நடிகருக்கு வாராவாரம் ஒரு வணக்கம் சொல்வது அங்கே சம்பிரதாயம். ஏன் என்று தெரிந்தவர்களுக்குச் சிரிப்பு வரும். புதிதாகத் திருப்புகிறவருக்குத் தலைகால் புரியாது. அந்த நிகழ்ச்சி வானொலியில் இருந்தபோதே பாட்காஸ்டாகவும் பிரமாதமாக ஓடியது. 2022 ஏப்ரல் 1-ஆம் தேதி இருவரும் பி.பி.ஸி.யிடம் விடைபெற்றுக் கொண்டு, மே மாதம் சொந்தப் பாட்காஸ்ட் தொடங்கினார்கள். ஐஸக்ஸுக்கு வணக்கம் அங்கேயும் தொடர்ந்தது. நம்மவர்கள் போதும் என்று அவர்கள் முடிவு செய்திருக்கலாம். அதைக் குறை சொல்ல மாட்டேன். ராபர்ட்ஸன் அம்மாள் உயிரோடிருந்தால் அவரும் அந்தப் பக்கந்தான் போயிருப்பார் என்று தோன்றுகிறது.

சிக்காகோக்காரர்களோ பாட்காஸ்டைக் கைவிடாமலே வானொலியிலும் பேசினார்கள். ஒரு சில்லறை விஷயம் விட்டுப்போயிற்று. அமெரிக்கச் சட்டப்படி, ஒவ்வொரு மணி நேரமும் வானொலி நிலையம் தன் பெயரின் எழுத்துக்களையும், அவற்றை அடுத்து உடனே தன் ஊரின் பெயரையும் சொல்லியாக வேண்டும். பாட்காஸ்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை; அதற்கு ஊரே கிடையாது. இரு நண்பர்களும் ஒரு படத்தைப் பற்றி எவ்வளவு காரசாரமாக வாதாடினாலும், யார் கட்சி ஜெயித்தது என்று தீராமலே மணி அடித்துவிடும். உடனே நிலையத்தின் நாலு எழுத்துக்கள் ஒலிக்கும். அவற்றின் பின்னாலேயே, சிக்காகோ.